இடது பொத்தான், வலது தகடு

செவிலிமேடு,
கார்த்திகை 22.

அன்பு மச்சான் சரத்குமாருக்கு, உன் அக்காள் கணவன் முனிசாமி எழுதுவது. இங்கே நானும், உன் அக்காள் கிருஷ்ணவேணியும், வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும் உன் மோட்டார் படகும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே கொச்சியில் நீயும் பிரவீனாவும் குழந்தை அனுவும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று காஞ்சிபுரத்துச் சாமிகள் எல்லாரிடமும் வேண்டிக்கொள்கிறேன். அந்த வேலைக்கு இந்த ஊரில் ஒரு நாள் போதாது என்பது உனக்கே தெரியும்.

போன வாரம் போனில் கேட்டபோது எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். உண்மையைப் போனில் சொல்ல முடியாது. நான் பேசினால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கும் கேட்கும் என்று உன் அக்காளே சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. இந்த விஷயமோ அவள் காதில் விழக் கூடாதது. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். விஷயம் இதுதான்: உன் அக்காள் என்னோடு ஒரு வார்த்தை பேசி இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. காரணம் உன் படகு. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை லாரியைக் கூட்டிக்கொண்டு வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடு. ஏன் என்பதையும், என்ன நடந்தது என்பதையும் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

ஆடி மாதம் நீ அந்தப் படகைச் சக்கரவண்டியோடு எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாயே, லைசென்ஸ் கைக்கு வரும் வரை இங்கேயே இருக்கட்டும் மாமா என்று சொன்னாயே, அன்றைக்கு ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பாலாற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம், இவர் படகு வாங்கி வைத்திருக்கிறார் என்று எதிர்வீட்டு ஜெயப்ரியா டீச்சர் சிரித்தது உன் காதிலும் விழுந்திருக்கும். நீ ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் படகின் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினாய். கீழே, தண்ணீர் தொடும் இடத்தில், முறத்தின் நுனி அளவுக்கு இரண்டு தகடுகள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இதுக்குப் பேரு ட்ரிம் டேப், மாமா, என்றாய். படகு வேகமாகப் போகும்போது தகட்டை இறக்கினால் தண்ணீர் அதை மேலே தள்ளும், படகின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன்மூக்கு தாழும். ஒரு பக்கத்துத் தகட்டை மட்டும் இறக்கினால் சாய்ந்த படகு சமமாகும். ஸ்டியரிங் பக்கத்தில் இரண்டு பொத்தான், ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே ஒரு வரிசை சின்ன விளக்கு. தகடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்த விளக்கு சொல்லும். சும்மா கிடந்தால் மோட்டார் இறுகிவிடும், வாரம் ஒரு தடவை பொத்தானை அழுத்தி, விளக்கைப் பார்த்து, ஏற்றி இறக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு நீ கொச்சிக்கு ரயிலேறிவிட்டாய். வாரம் ஒரு தடவை என்றுதான் சொன்னாய். தப்பு என்னுடையதுதான். நான் தினமும் செய்தேன்.

எப்படிச் சொல்வது மச்சான். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷமாக என் கை எதையும் பிடிக்காமல் கிடந்தது. சோபாவில் உட்கார்ந்தாலும் இடது கால் கிளட்ச்சைத் தேடும். விடிந்ததும் உன் படகில் ஏறி அந்த வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தேன் என்றால், எதிரே இருக்கும் ரோடு மெல்ல மெல்ல ரோடாக இல்லாமல் போகும். பனி இறங்கியிருக்கும் நாளில் டவுன் பஸ் வருவதே தெரியாது. இரண்டு மஞ்சள் விளக்கு மட்டும் மிதந்துகொண்டு வரும், வாசலைத் தாண்டும்போது நம் சக்கரவண்டி லேசாக அதிரும், அலை வந்து மோதியது என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துவேன். பின்னால் எங்கோ மோட்டார் முனகும். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். படகு அசையவே இல்லை, எனக்குத் தெரியும், ஆனால் மூக்கு மெதுவாகத் தாழ்வது போலவும் செவிலிமேடு முழுக்கக் கொஞ்சம் மேலே எழும்பி என் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது போலவும் இருக்கும். பொத்தானை மேல் பக்கம் தட்டினால் விளக்கு அணைந்துகொண்டே இறங்கும், ஊரும் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் "இன்னா டிரைவரே, எந்த ஊருக்குப் போய்க்கினு கீறே?" என்று கேட்பார்கள். நான் கையை மட்டும் தூக்குவேன். அப்புறம் நின்று கேட்டவரிடம் மட்டும் விவரமாகச் சொல்லுவேன். சிலர் அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள்.

உன் அக்காள் அப்போதெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள். காபி டம்ளரைப் படகின் விளிம்பு மேல் வைத்துவிட்டு, "கடலுக்கு நடுவுல காபி வந்துக்குது, குடிச்சிட்டு கரை ஏறுங்க, தண்ணி லாரி வர்ற நேரம்" என்பாள். அந்தக் குரலை இப்போது நினைத்தால்கூட எனக்கு என்னவோ செய்கிறது. எங்கே விட்டேன்? ஆங், தகடு.

புரட்டாசியில் ஒரு நாள், பொத்தானை அழுத்துகிறோமே, தகடு சரியாக இறங்குகிறதா என்று யார் பார்ப்பது என்று எனக்குத் தோன்றிற்று. உன் அக்காளைக் கெஞ்சிக் கூத்தாடி நாற்காலியில் உட்காரவைத்து, நான் பின்னால் போய்க் குனிந்துகொண்டு, இடது பொத்தானை அழுத்து என்றேன். அழுத்தினாள். இறங்கியது வலது தகடு! மறுபடியும் அழுத்தச் சொன்னேன். மறுபடியும் வலது. வலது பொத்தானை அழுத்தினால் இடது தகடு இறங்குகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடதை அழுத்தினால் வலது வேலை செய்யும் வண்டியை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. எவனோ தூக்கக் கலக்கத்தில் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான், பாவம், நம் மச்சானை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். உன் மனசு நோகக் கூடாது என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. பலகையைக் கழற்றினேன், இரண்டு ஒயர்க் கொத்தையும் இடம் மாற்றிச் செருகினேன், மூடினேன். இப்போது இடது அழுத்தினால் இடது, வலது அழுத்தினால் வலது. உன் அக்காள் மட்டும், "செஞ்சவனுக்குத் தெரியாமயா செஞ்சிருப்பான்? தம்பிய ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு சிக்கல். இடது பொத்தானை அழுத்தினால் இப்போது வலது பக்கத்து விளக்கு எரிந்தது. விளக்கும் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்து, பொய் சொல்கிற விளக்கை எதற்குப் பார்க்க வேண்டும் என்று என் துண்டை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் துண்டு அங்கேயே கிடந்தது.

இந்த இடத்தில் என் தேர் வேலையைப் பற்றி நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வைகாசித் தேருக்கு இருபத்தெட்டு வருஷமாக நான் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன். போன வைகாசியிலும் போட்டேன், வருகிற வைகாசியிலும் போடுவேன். அத்தனை பெரிய தேர் திரும்புவது ஒரு சாண் மரக்கட்டையால்தான். ஆனால் கட்டை போடுகிறவன் தலை நிமிர்ந்து தேரைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சக்கரத்துக்குள் கை போய்விடும். முன்னால் ஒருவர் நின்று விசில் ஊதி, துணியை ஆட்டி, "இடது!" என்றால் இடது, "வலது, வலது!" என்றால் வலது. ஏன் என்று கேட்கக் கூடாது, எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறதே என்று யோசிக்கக் கூடாது, சொன்ன பக்கம் போட வேண்டும். இது எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். இந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. நல்லவேளை, படகைக் கவிழ்க்கவில்லை.

ஐப்பசி மழை இந்த வருஷம் வெளுத்து வாங்கியது. மாகறல் பக்கத்து ஏரி விளிம்புவரை நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, பார்க்கிறவர்கள் கண்ணே நிறைகிறது. நீ படகைச் சர்வீஸ் பார்க்க அனுப்பினாயே, யேசுதாஸ், அவர் வந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு, "ணா, நிலத்துல எவ்ளோ ஓட்டுனாலும் வேஸ்ட்டுணா. ஒரு ரவுண்டு தண்ணில வுட்டாத்தான் தெரியும்" என்றார். மகாபலிபுரம் பக்கம் சுற்றுலாப் படகு ஓட்டியவர், தெரிந்த மனிதர். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் அவரே பேசி, வலை இல்லாத பக்கமாக ஒரு சுற்றுப் போக அனுமதி வாங்கினார். டிராக்டரில் கட்டிப் படகை இழுத்துப் போனோம். நானும் உன் அக்காளும் டிராக்டர் பின்னால் படகிலேயே உட்கார்ந்து போனோம். வழி நெடுக வயலெல்லாம் தண்ணீர், வானம் வரப்புக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் கிடந்தது. உன் அக்காள் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஏரிக்கு எதற்குப் பட்டு என்று கேட்டதற்கு, முதன்முதலாகத் தண்ணீரில் போகிறோம், சாதாப் புடவையா கட்டுவது என்றாள். நான்கு அடுக்கு டிபன் காரியரில் எலுமிச்சம் சாதமும் தயிர் சாதமும். கரையில் படகுக்குப் பூ வைத்து, கற்பூரம் காட்டி, நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். யேசுதாஸும் கண்ணை மூடி அவர் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார். அப்புறம் மூன்று பேரும் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டோம். பட்டுப்புடவை மேல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு உன் அக்காள் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகச் சிரித்தது.

யேசுதாஸ் ஸ்டியரிங் பிடித்தார். தகட்டுப் பொத்தான் என் பொறுப்பு என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தேன். வடம் பிடிக்க ஒரு ஆள், கட்டை போட ஒரு ஆள், அதுதானே முறை. வேகம் பிடித்ததும் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. எதிரே ஏரி இல்லை, வானம்தான் தெரிந்தது. "ணா, ரெண்டையும் சேத்து கீழ தட்டுங்க. ஒரு தட்டு, அப்பறம் மூணு எண்ணுங்க. படகு கேட்டுக்கினு பதில் சொல்ல நேரம் குடுக்கணும்" என்றார். தட்டினேன். எண்ணினேன். மறுபடி தட்டினேன். மச்சான், அந்த நிமிஷத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். மூக்கு மெல்லத் தாழ்ந்தது. தட தட என்று அடித்துக்கொண்டிருந்த படகு வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. வானம் கீழே இறங்கி, ஏரி எழுந்து வந்து, இரண்டும் ஒரு கோட்டில் பொருந்தி நின்றன. என் ஒரு விரலால். எத்தனையோ காலை வாசலில் உட்கார்ந்து மனசுக்குள் பார்த்தது அப்படியே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒயர் மாறியிருப்பது தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன் அக்காள் இடது பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்து, கொக்குக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காற்று வேறு. படகு இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. "அக்கா, கொஞ்சம் நடுவுல வந்து உக்காருங்க" என்றார் யேசுதாஸ். அவள் எழுந்திருக்கப் போனாள். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நீ எதுக்கு எழுந்துக்கறே? எங்க புடிச்சிருக்குதோ அங்கயே உக்காரு. நீ எந்தப் பக்கம் உக்காந்தாலும் சமம் பண்றதுக்குத்தான் நான் இருக்கறேன்" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு வசனத்தை நான் அவளிடம் பேசியதில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே உட்கார்ந்தாள்.

யேசுதாஸ் கத்தினார்: "ணா, வலது பொத்தான் கீழ! ஒரு தட்டு!" எனக்குள் ஒரு குரல் சொன்னது, இடது பக்கம்தானே சாய்கிறது, இடது தகட்டை இறக்கினால் இடது பக்கம் தூக்குமே என்று. அது சரியான குரல், மச்சான்! ஒயர் மாற்றிய பிறகு அதுதான் சரி. ஆனால் முன்னால் நிற்பவர் வலது என்று சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம், தலையைக் குனிந்து வலதைத் தட்டினேன். படகு இன்னும் இடது பக்கம் சாய்ந்தது. "இன்னும் வலது!" என்றார். இன்னும் தட்டினேன். "பத்தலணா, வலது, வலது!" அழுத்திய விரலை எடுக்காமல் அழுத்தினேன். படகு இடது பக்கம் படுத்துக்கொண்டு ஏரியில் வட்டம் போட ஆரம்பித்தது. உன் அக்காள் முழங்கை வரை தண்ணீர் தெளிக்கிறது, பட்டு முந்தானை ஏரியில் மிதந்துகொண்டு வருகிறது, டிபன் காரியர் என் கண் முன்னால் அவள் பக்கம் வழுக்கிப் போய் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. "லைட்டப் பாருங்கணா, எந்தப் பக்கம் எரியுது?" என்று யேசுதாஸ் கத்துகிறார். லைட்டின் மேல் என் துண்டு கிடக்கிறது. துண்டை நானே இழுத்துப் போட்டேன். இடது வரிசை விளக்கு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கு அத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

யேசுதாஸ் எஞ்சின் வேகத்தைச் சட்டென்று குறைத்தார். படகு மூச்சை விட்ட மாதிரி கீழே உட்கார்ந்து சமமானது. சமமான இடம் ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்கு நடுவில். கொடி விசிறியில் சுற்றி எஞ்சினும் நின்றுவிட்டது. யேசுதாஸ் பலகைக்குக் கீழே எட்டிப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ணா, ஒயர மாத்திட்டீங்களேணா, முன்ன இருந்ததுதான் சரி. பொத்தான் சொல்றது மூக்கப் பத்தி, தகட்டப் பத்தி இல்ல. வலது தகடு எறங்குனா பின்னால வலது பக்கம் தூக்கும், முன்னால இடது மூக்கு அழுந்தும். இடது மூக்க அழுத்தணும்னா இடது பொத்தான். எவ்ளோ சிம்பிள்!" என்று மட்டும் சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் குனிந்து கொடியை அறுக்க ஆரம்பித்தார். அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் படகு தானாக, யார் பிடிக்கவும் இல்லாமல், மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. முதலில் மாகறல் கோயில் கோபுரம் தெரிந்தது, அப்புறம் வயல், அப்புறம் வெறும் தண்ணீர், மறுபடியும் கோபுரம். ஊதா நிறத்தில் பூ, அதன் மேல் தாழப் பறக்கும் தும்பி. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. உன் அக்காள் முந்தானையைப் பிழிந்து மடியில் விரித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கொடியை அறுத்து முடித்து, தகடு இரண்டையும் மேலே தூக்கிவைத்து, நடந்து போகிற வேகத்தில் கரைக்கு வந்தோம். டிராக்டரில் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. நான் அன்று சாயங்காலம் வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்டேன். அவள் பாட்டுக்கு ஈரப் புடவையைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து இன்று வரை இதுதான் கதை. வேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள், காபி தருகிறாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை. பேச்சு மட்டும் இல்லை. கீரைக்காரப் பொன்னியம்மாளோடு வாசலில் நின்று சிரித்துப் பேசுகிறாள். யேசுதாஸ் ஒயரைச் சரிசெய்ய வந்தபோது அவர் மனைவி எஸ்தருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து, ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். அவள் தண்ணி லாரிக்குப் போயிருந்த ஐந்து நிமிஷத்தில், சென்னையில் இருக்கும் மகள் அபிநயாவைப் போனில் கூப்பிட்டு, அம்மா உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். "அம்மா நல்லாத்தாம்பா பேசறாங்க, நேத்துகூட ஒரு மணி நேரம் பேசனாங்க. நீங்க இன்னா பண்ணீங்க?" என்கிறாள். மல்லிகைப்பூ வாங்கி வந்தேன், வாங்கி வைத்துக்கொண்டாள், பேசவில்லை. புதுசாக ஐந்து அடுக்கு டிபன் காரியர் வாங்கி வந்தேன். திறந்து பார்த்தாள், அலமாரியில் வைத்தாள், பேசவில்லை. பட்டுப்புடவையைத் தெரிந்தவரிடம் கொடுத்து, ஒரு கறை இல்லாமல் பாலிஷ் போட்டு வாங்கி வந்தேன். தடவிப் பார்த்தாள். பேசவில்லை. அவள் பேசாததால் நான் இரண்டு மடங்கு பேச வேண்டியிருக்கிறது. அவள் தரப்பையும் நானே சொல்லி, அதற்குப் பதிலும் நானே சொல்கிறேன். வீடு அப்படி வெறிச்சென்று கிடக்கிறது. சமம் பண்ணத்தான் நான் இருக்கிறேன் என்று பெரிய வார்த்தை சொல்லிவிட்டு, அவள் உட்கார்ந்த பக்கத்தையே தண்ணீருக்குள் அழுத்தியவன் நான். எந்தப் பெண்பிள்ளை பொறுப்பாள்?

யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வாசலில் அந்தப் படகு நிற்கிற வரை அவளுக்கு அந்த நாள் மறக்காது. படகா, அவள் குரலா என்று கேட்டால் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. படகு இல்லாமல் காலையில் கொஞ்ச நாள் என் விரல் பொத்தானைத் தேடும், பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வரட்டும். நான் அந்த நேரத்தில் கடைக்குப் போய்விடுகிறேன், என்னால் பார்க்க முடியாது. தகடு இரண்டும் மேலே ஏறியிருக்கிறதா என்று மட்டும் நீயே ஒரு தடவை பார்த்துக்கொள். விளக்கு எல்லாம் அணைந்திருந்தால் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த விளக்கை நம்பலாம்.

பிரவீனாவுக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். நீ எந்தத் தண்ணீரில் போனாலும் உன் படகு நேராக நிற்கட்டும், வீட்டில் பேச்சும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். அனுக்குட்டிக்கு மாமாவின் முத்தம்.

இப்படிக்கு,
உன் மாமா
முனிசாமி.

பின்குறிப்பு: தம்பி, இதை எழுதுவது அக்கா. உன் மாமா உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, காயட்டும் என்று ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். காயவில்லை, பிரிக்க வந்தது, படித்துவிட்டேன். நீ லாரி எதுவும் பேச வேண்டாம். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. புடவைக்காகவும் இல்லை, காரியருக்காகவும் இல்லை. அந்தக் காரியரின் மூடி எப்போதுமே சரியாக மூடாது. அன்றைக்கு எஞ்சின் நின்றதும் எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. இப்போது இவர் ஆரம்பிப்பாரே, மாகறல் வரைக்கும் கேட்குமே என்று திரும்பிப் பார்த்தேன். இவர் வாயை மூடிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, தூங்காத நேரத்தில் உன் மாமா பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு அழகாக இருந்தார் தம்பி. அந்த ஏரியும், பூவும், அவர் முகமும் என் மனசில் அப்படியே நின்றுவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னால் இவர் நூறு சொல்வார், எல்லாம் கலைந்துவிடும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கலைக்க மனசு வரவில்லை. நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று பதினொரு நாள் ஓடிவிட்டது. படகையே கொடுத்துவிடும் அளவுக்குத் தவித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது, படித்ததும் பாவமாகிவிட்டது. குளித்துவிட்டு வந்ததும் பேசிவிடுகிறேன். "ஏரிக்கு மறுபடி எப்போ போறோம்?" என்று கேட்கப் போகிறேன். அதற்கு அவர் பதில் சொல்லி முடிக்கப் பொங்கல் வந்துவிடும். அவர் குளித்து முடிக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை நான் போய்ப் படகில் உட்கார்ந்திருக்கிறேன்.